கொல்லிமலையில் ஒலித்த சங்ககால ஆர்கெஸ்ட்ரா! புறநானூறு சொல்வது என்ன?

இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8-ல் லண்டனில் அரங்கேறியது. பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் இசை நமக்குப் புதுசா? இல்லை. வாசலூர்பட்டியில் படகு சவாரிக்குப் போறோமே, அதே கொல்லிமலையோடு சேர்ந்த ஒரு பழைய பாட்டு அதைச் சொல்லுது.

எந்தப் பாட்டு?
புறநானூறு 152. பாடியவர் வன்பரணர். காட்டில் வேட்டையாடும் வல்வில் ஓரியை ஒரு பாணர் கூட்டம் சந்திக்குது.

என்னென்ன கருவிகள்?
முழவு, யாழ், யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை. யாழ் நரம்புக் கருவி, தூம்பு ஊதும் கருவி, மற்றவை தாளக் கருவிகள்.

அப்போ இது சிம்பொனியா?
இல்லை. சிம்பொனியில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதுவாங்க. இந்தப் பாட்டில் கருவிகளின் பெயர் மட்டும்தான் இருக்கு.

இதில் சொர்க்கம் எங்கே?
ஓரி தந்தது மான்கறி, மது, தன் மலையில் பிறந்த பொன், மணிகள். அடுத்த பாட்டில் (153), பசி தீர்ந்த பாணர்கள் ஆடல் பாடலையே மறந்துட்டாங்க. ஊர் ஊராக அலைந்தவங்களுக்கு அதைவிட வேறு சொர்க்கம் எது?

இப்போது கேட்க முடியுமா?
முடியாது. 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை ஓலைச்சுவடியிலிருந்து அச்சில் கொண்டுவந்தார். சொல் தப்பிச்சது, மெட்டு தப்பலை.