தட்டிப் பார்த்தல்: உடைக்காமல் உள்குறை கண்ட கதை

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது நம்மூர் வழக்கம். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல். எங்கள் வெண்ணந்தூரில் தறி ஓட்டுபவர்கள் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இழை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். இரண்டிலும் பொருளுக்குச் சேதமில்லை. இதைத்தான் பொறியாளர்கள் 'சிதைக்காச் சோதனை' என்கிறார்கள். பி.காம். மாணவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? கடைசியில் சொல்கிறேன் :-)

முதலில் வெளிச்சத்தின் கதை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மனைவியின் கையைப் படமெடுத்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டே தன் வேட்டைத் துப்பாக்கியையும் படமெடுத்தார். குழலுக்குள் ஒளிந்திருந்த குறை அதில் தெரிந்தது!

அடுத்தது தட்டலின் கதை. காதுக்குக் கேட்காத மீயொலியை உலோகத்துக்குள் அனுப்பிக் குறையைத் தேடலாம் என்று 1928-இல் ரஷ்யாவின் சோகோலோவ் சொன்னார். உள்ளே மோதித் திரும்பும் எதிரொலியை அளக்கும் கருவிக்கு அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் 1942-இல் காப்புரிமை பெற்றார். பானையைத் தட்டிய அதே விரல்தான், கொஞ்சம் படித்துவிட்டது!

உலோகத்தில் ஓரளவு தீர்ந்த சிக்கல், காம்போசிட் எனப்படும் கூட்டுப்பொருள் வந்ததும் மறுபடி தொடங்கியது. கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். எடை குறைவு, வலிமை அதிகம். ஆனால் அடி பட்டால் மேலே தழும்புகூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும்.

2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் கொலம்பியா விண்ணோடத்தில் இறந்தார்கள். புறப்படும்போது பெயர்ந்து விழுந்த நுரைத்துண்டு, இறக்கையின் முன்விளிம்பில் இருந்த கார்பன் கூட்டுப்பொருள் பலகையை உடைத்திருந்தது. அந்தப் பலகைகளின் உள்வலிமையை அறிய அன்றிருந்த பரிசோதனை முறைகள் போதாது என்று விசாரணைக் குழு எழுதியது. பிறகு வெப்பப்படமுறை வந்தது. பலகையை ஒரு கணம் சூடாக்கி, அது ஆறுவதை அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பார்கள். உள்ளே பிளவு இருந்தால் அதற்கு மேலுள்ள இடம் மெதுவாக ஆறும்.

இப்போது இதே கூட்டுப்பொருளை அச்சிடவும் செய்கிறார்கள். 2014-இல் மார்க்ஃபோர்ஜ்டு நிறுவனம் நீண்ட கார்பன் இழையை வைத்தே அச்சிடும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. கோலம் போடுவதுபோல வரிவரியாக, அடுக்கடுக்காக இடுவதால் இடையில் நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. அவை மீயொலியைச் சிதறடிக்கும். கார்பனும் பிளாஸ்டிக்கும் எக்ஸ் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். பல கோணங்களில் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் உதவும், ஆனால் நேரமும் செலவும் அதிகம்.

சரி, நம் பாடத்துக்கு வருவோம். ஆடிட்டிங்கில் 'டெஸ்ட் செக்கிங்' படித்திருப்போம். ஆயிரம் வவுச்சரில் ஐம்பதைப் பார்த்து மீதியை நம்புவது. ஆயிரம் போல்ட்டும் ஒரே அச்சில் வந்தால் அது சரி. அச்சிடும் முறையின் லாபமே தேவைப்பட்ட ஒன்றை மட்டும் செய்வதில்தான் இருக்கிறது. அந்த ஒன்றை உடைத்துச் சோதித்தால் விற்க என்ன மிச்சம்?

சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவிய ராக்கெட்டின் எஞ்சின், ஒரே துண்டாக அச்சிட்டது. அது உலோகம்தான், கூட்டுப்பொருள் அல்ல. ஆனால் அங்கும் கேள்வி இதுதான். ஒட்டு இல்லாத பொருளைப் பிரித்துப் பார்க்க முடியாதே!

அச்சு இயந்திரத்தின் விலையை மட்டும் போட்டு லாபக்கணக்கு எழுதுபவர்கள் ஒரு செலவை விட்டுவிடுகிறார்கள், நண்பர்களே. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத் 'தட்டிப் பார்க்கும்' செலவு அது. அதைச் சேர்க்காத கணக்கு, தட்டிப் பார்க்காமல் வாங்கிய பானைதான்.