பாவம் ஓரிடம், பழி ஓரிடம்: கணினிக் கோளாறுகளின் வரலாறு



2005ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நிகழ்ந்தது இது. ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டுக் கணினி, என் மகன் விளையாடத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை உறைந்து நின்றுவிடும். சில வேளைகளில் தானாகவே அணைந்து மீண்டும் எழும். நான் வினாத்தாள் தட்டச்சு செய்யும்போது ஒரு நாளும் அது நின்றதில்லை. ஆகவே எனக்கு ஐயமே எழவில்லை. “கண்ட விளையாட்டையும் ஏற்றிக் கணினியைக் கெடுத்துவிட்டாய்” என்று கடிந்துகொண்டேன். எல்லா விளையாட்டுகளையும் அழித்தேன். “நான் ஒன்றும் செய்யவில்லை அப்பா” என்று அவன் சொன்னது என் செவியில் ஏறவில்லை.

சில வாரங்களில் என் வினாத்தாளின் நடுவிலேயே கணினி நின்றது. பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திறந்து தாய்ப்பலகையைக் காட்டினார். செயலியைச் சுற்றி நின்ற சிறிய உருளை வடிவ மின்தேக்கிகள் சிலவற்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. “இது விளையாட்டால் வந்ததில்லை சார். இப்போது நிறைய பலகைகளில் இப்படித்தான் வருகிறது” என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. 1999ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகள் உலகெங்கும் பரவிய கோளாறு அது. தைவான் நிறுவனங்கள் சிலவற்றின் மின்தேக்கிகளில் இருந்த மின்பகுநீர் தரம் குறைந்திருந்தது. அதனால் உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி, அழுத்தம் ஏறி, பல ஆண்டுகள் உழைக்க வேண்டியவை விரைவிலேயே உப்பி வெடித்தன. 2002இல் இச்செய்தி வெளியுலகுக்குத் தெரிய வந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கலவை முறையை யாரோ அரைகுறையாகப் படியெடுத்ததே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. அது உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. 2005இல் டெல் நிறுவனம் இத்தகைய பழுதுகளைச் சரிசெய்ய 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது.

அப்படியானால் விளையாடும்போது மட்டும் ஏன் நின்றது? தட்டச்சு செய்யும்போது செயலி பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறது. விளையாட்டிலோ செயலியும் வரைகலை அட்டையும் இடைவிடாமல் உழைக்கின்றன. மின்சாரத் தேவையும் வெப்பமும் ஏறுகின்றன. அந்த மின்சாரத்தை ஏற்ற இறக்கமின்றிச் சீராக வைப்பதே மின்தேக்கியின் வேலை. நலிந்த மின்தேக்கி அமைதியான வேளையில் தாக்குப்பிடிக்கும். சுமை ஏறும்போது கைவிட்டுவிடும். தேர்வு மாணவனின் குறையை உண்டாக்குவதில்லை. இருந்த குறையைக் காட்டுகிறது. விளையாட்டும் அப்படியே.

பழியை எளிதில் சுமத்தாமல் காரணத்தைத் தேடியவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, 1994 சூனில் தம் கணக்குகளில் ஒரு முரணைக் கண்டார். முதலில் தம் நிரலைச் சோதித்தார். பிறகு மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின், அக்டோபரில், பிழை இன்டெல் பென்டியம் செயலியிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். வகுத்தல் கணக்குக்கான அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில், கேட்பவர் அனைவருக்கும் செயலியை மாற்றித் தர அந்நிறுவனம் இசைந்தது. அதற்காக அது கணக்கில் எழுதிய இழப்பு 47.5 கோடி டாலர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிறுவனத்தில் மற்றொரு பாடம். அதன் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளைக் கொண்ட கணினிகள் விளையாட்டின் நடுவே நின்றுபோயின. திரையில் தோன்றிய அறிவிப்போ, வரைகலை நினைவகம் போதவில்லை என்றது. பலர் வரைகலை அட்டையையும் விளையாட்டையும் நொந்துகொண்டனர். 2024 சூலையில்தான், செயலி தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதே காரணம் என்று இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வெளிவந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆயினும் முன்பே சிதைந்த செயலிகளை அத்திருத்தத்தால் மீட்க இயலவில்லை. 1972 முதல் பினாங்கில் தொழிற்சாலை நடத்திவரும் நிறுவனம் என்பதால், நம் நாட்டினருக்கு இது தொலைவிலுள்ளோர் கதையன்று.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் கணினியும் விளையாட்டின் நடுவே நின்றால், நைஸ்லியின் வழியைப் பின்பற்றுங்கள். எந்த வேளையில், எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பிள்ளையையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். மின்விசிறியில் படிந்த தூசியை அகற்றுங்கள். நம் ஊர் வெப்பத்தில் இது முதன்மையானது. வெப்பநிலையைப் பாருங்கள். வரைகலை அட்டையின் இயக்கி மென்பொருளைப் புதுப்பியுங்கள். நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். மின்வழங்கியை மாற்றிப் பாருங்கள். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்க வேண்டா, உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

புதிய தாய்ப்பலகை பொருத்திய அன்று, நான் அழித்த விளையாட்டுகளை நானே மீண்டும் ஏற்றிக் கொடுத்தேன். மகனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் உடனே விளையாட அமரவில்லை. “இப்போதாவது நம்புகிறீர்களா அப்பா?” என்று கேட்டான். வகுப்பில் ஒரு மாணவனைக் கடிந்துகொள்ள நா எழும்போதெல்லாம் அக்கேள்வி என் நினைவுக்கு வருகிறது.