நாவலர் விக்டோரினஸ் கொண்ட நாணம்

உரோமாபுரியின் பாலத்தீன் குன்றில் 1857ஆம் ஆண்டு அகழ்ந்தபோது, பழைய கட்டடம் ஒன்றின் சுவர்ப்பூச்சில் கீறப்பட்ட ஓர் உருவம் வெளிப்பட்டது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவனுக்குக் கழுதைத் தலை. அவனை நோக்கிக் கையுயர்த்தி நிற்கிறான் ஓர் இளைஞன். அலெக்சமெனோஸ் தன் கடவுளை வழிபடுகிறான் என்று பொருள்படும் கிரேக்க எழுத்துகள் கீழே கோணலாகக் காணப்படுகின்றன. அரண்மனைப் பணிக்குரிய சிறுவர் தங்கிப் பயின்ற இடம் அது என்பர் அறிஞர் பலர். கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டிய அக்கீறல், ஒருவனுடைய சமயத்தைப் பழித்து மற்றொருவன் செய்த குறும்பு என்பது பார்த்த அளவிலே விளங்கும். குற்றவாளிகளுக்கும் அடிமைகளுக்கும் உரியதெனக் கருதப்பட்ட சாவை அடைந்த ஒருவரைக் கடவுளென்று கும்பிடுவது உரோமருக்கு அத்துணை நகைப்பாக இருந்தது.

கற்றோரின் ஏளனம் இதனினும் கூரியது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெல்சஸ் என்னும் கிரேக்க அறிஞன் கிறித்தவத்தை மறுத்து ஒரு நூல் செய்தான். கம்பளித் தொழிலாளரும் செருப்புத் தைப்போரும் வண்ணாரும் பேதைப் பெண்டிரையும் பிள்ளைகளையும் மயக்கிப் பரப்பும் சமயம் அது என்பது அவன் கூற்று. அந்நூல் அழிந்தது. எனினும் அதனை வரிக்கு வரி மறுத்த ஓரிகன் தம் மறுப்பு நூலில் அதன் பகுதிகளை எடுத்துக் காட்டியமையால் ஏளனம் மட்டும் அழியாமல் நமக்குக் கிடைத்துள்ளது!

அச்சமும் நாணமும் வேறு வேறு. கி.பி. 250இல் பேரரசன் தெக்கியஸ், மக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஆணையிட்டபோது, கிறித்தவர் பலர் உயிருக்கும் உடைமைக்கும் அஞ்சிப் பணிந்தனர். அத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கு மேல் எகிப்திய மணலில் கிடைத்துள்ளன. அது அச்சத்தின் வரலாறு. 313இல் கான்ஸ்டன்டைன் கிறித்தவருக்கு வழிபாட்டுரிமை அளித்தபின் அவ்வச்சம் தீர்ந்தது. நாணமோ தீரவில்லை. அதற்குத் தெளிவான சான்று விக்டோரினஸ் என்னும் நாவலரின் வரலாறே.

மாரியஸ் விக்டோரினஸ் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். உரோமாபுரியில் சொல்வன்மைக் கலை கற்பித்தவர். ஆட்சி மன்றத்து உறுப்பினர் பலர் அவரிடம் பாடங்கேட்டவர்கள். பிளேட்டோவின் வழிவந்த அறிஞர்களுடைய கிரேக்க நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். சிசரோவுக்கு உரை கண்டார். ஆசிரியப் பணியின் சிறப்புக் கருதி, அவர் வாழுங்காலத்திலேயே திராயான் மன்றத்தில் அவருக்குச் சிலை நாட்டினர். அஃது ஏறத்தாழ 354ஆம் ஆண்டு. பள்ளியாசிரியர் ஒருவருக்கு உயிரோடிருக்கும்போதே தலைநகரில் சிலை வைத்த செய்தி எந்நாட்டு வரலாற்றிலும் அரிது.

இம்முதியவர் கிறித்தவ மறைநூலைப் பயிலத் தொடங்கினார். பயிலப் பயில உள்ளம் அதன்பாற் சென்றது. சிம்ப்ளிசியன் என்னும் குருவிடம், தாம் இப்போது கிறித்தவரே என்று தனிமையில் தெரிவித்தார். கோவிலில் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்றார் அவர். சுவர்களா மனிதரைக் கிறித்தவராக்குகின்றன என்று நகைத்தார் நாவலர். இவ்வுரையாடல் ஒருமுறையோடு நிற்கவில்லை, பன்முறை நிகழ்ந்தது, ஒவ்வொரு முறையும் அதே நகையே விடையாயிற்று.

சொல்லில் வல்லாருக்கு இஃது ஒரு வசதி. நாணத்தை நாணம் என்று சொல்லாமல் தத்துவமாக்கிவிடலாம். விக்டோரினஸ் அஞ்சியது எதனை? அக்காலப் பேரரசன் கான்ஸ்டன்டியஸ் கிறித்தவன்; ஆகவே வாளும் சிறையும் இல்லை. ஆனால் உரோமாபுரியின் பெருங்குடியினர் பெரும்பாலும் பழைய தேவர்களையே போற்றி வந்தனர். அவர்கள் அவருடைய நண்பர்கள், மாணாக்கர்கள், சிலை வைத்தவர்கள். அவர்தாமும் முதுமை வரையில் தம் நாவன்மையால் அத்தேவர்களுக்காகவே வாதாடியவர். அத்தகையவர் மீன்பிடிப்போர் பரப்பிய சமயத்தில், எளிய மக்களுடன் வரிசையில் நின்று, சிறுபிள்ளைபோலப் பாடம் ஒப்பிக்க வேண்டும். அதுவே தடை.

பின்னர், மனிதர்முன் தம்மை மறுப்பவன் வானவர்முன் மறுக்கப்படுவான் என்னும் இயேசுவின் எச்சரிக்கை அவர் உள்ளத்தில் தைத்தது. பொய்யென்று தாம் அறிந்த சடங்குகளில் கலந்துகொள்ள நாணாதவர், மெய்யென்று தேர்ந்ததை ஒப்புக்கொள்ள நாணுவதா என்று தம்மை நினைந்தே வெட்கினார். ஒருநாள் எதிர்பாராத வகையில், கோவிலுக்குச் செல்வோம் என்று சிம்ப்ளிசியனை அழைத்தார்.

திருமுழுக்குப் பெறுவோர் உயர்ந்த இடத்தில் நின்று, மனப்பாடம் செய்த நம்பிக்கை அறிக்கையைச் சபையார் கேட்க ஓதுதல் உரோமாபுரி வழக்கம். கூச்சமுடையார் அதனைத் தனியே ஓத இடமளிப்பதும் உண்டு. நாணத்துக்கென்று சபையிலேயே ஒரு விதிவிலக்கு ஏற்பட்டிருந்தது என்றால், அத்தகையோர் எத்தனை பேர் வந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம். குருமார் அச்சலுகையை விக்டோரினஸுக்கு அளித்தனர். அவர் ஏற்கவில்லை. மீட்பளிக்காத கலையைப் பலரறியக் கற்பித்தவர், மீட்பளிப்பதை மறைவில் சொல்வது தகாது என்று மறுத்தார். மேடையில் ஏறியதும் அவரை அறிந்தவர் ஒவ்வொருவரும் அவர் பெயரை அருகிலிருந்தவர் காதில் சொல்ல, சபை முழுவதும் அப்பெயரே முணுமுணுப்பாய்ப் பரவியது. மறுகணம், கேட்கும் ஆவலால் அடங்கியது.

இவ்வளவும் அகுஸ்தீனார் எழுதிய வாக்குமூலங்கள் என்னும் நூலால் தெரிவன. 386இல் மிலான் நகரில் சிம்ப்ளிசியன் வாயிலாகத் தாம் கேட்டதை, அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து அவர் எழுதினார். இரு நினைவுகளைக் கடந்து வந்த செய்தியாதலின் சொல்லுக்குச் சொல் மெய்யென்று கொள்வதற்கில்லை. எனினும், விக்டோரினஸ் மிக முதிர்ந்த வயதில் கிறித்தவரானார் என்று ஜெரோமும் குறித்துள்ளார். ஆரியஸின் கொள்கையை மறுத்து அவர் இயற்றிய நூல்கள் கற்றோருக்கன்றி விளங்கா என்றும் ஜெரோம் சேர்த்துக் கூறுகிறார். எளியோரின் சபையில் புகுந்தவர் எளிய நடையைக் கற்கவில்லை போலும்!

361இல் ஜூலியன் பேரரசனானான். கிறித்தவனாக வளர்ந்த அவன், பழைய தேவர்கள்மேல் கொண்ட பற்றை ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஒளித்து வைத்திருந்தான். அவ்வாறு மறைந்து வாழ்ந்தவனே, 362இல் கிறித்தவர் ஆசிரியப்பணி புரிதலைத் தடுத்தான். ஹோமரின் தேவர்களை நம்பாதவன் ஹோமரைக் கற்பிப்பது நேர்மையன்று என்பது அவன் வாதம். ஜூலியனைப் பெரிதும் போற்றிய, கிறித்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானஸே இச்சட்டத்தைக் கொடிதென்று கண்டித்தார். விக்டோரினஸ் பள்ளியைத் துறந்தார். ஏதென்ஸ் நகரப் பேராசிரியர் புரோஹிரீசியஸும் அவ்வாறே செய்தார். ஜூலியன் அவருக்கு விலக்கு அளிக்க முன்வந்தும் ஏற்கவில்லை. 363இல் பாரசீகப் போரில் ஜூலியன் மாண்டான். சட்டமும் அடுத்த ஆண்டே நீங்கியது.

சிம்ப்ளிசியன் இக்கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கேட்டவரும் ஆப்பிரிக்கர், அவரும் சொல்வன்மை ஆசிரியர். பத்தொன்பது வயதில் மறைநூலைக் கையிலெடுத்து, சிசரோவின் வீறு இதற்கில்லையே என்று இகழ்ந்து மூடிவைத்தவர் அகுஸ்தீனார். அந்நாளைய இலத்தீன் மொழிபெயர்ப்புகள் கரடுமுரடானவை. இலக்கணம் கற்ற செவிக்கு அவை நாணம் தருவன. விக்டோரினஸைப்போல் ஆகவேண்டும் என்று அவர் உள்ளம் கனன்றது என்று அவரே எழுதுகிறார்.

ஆயினும் அவ்வாண்டு அவர் உறுதி கொண்டபோது, திராட்சை அறுவடை விடுமுறைக்கு ஏறத்தாழ இருபது நாட்களே இருந்தன. நடுவில் விலகினால் ஊரார் பேசுவர் என்று விடுமுறை வரையில் பாடம் நடத்தினார். பின்னரே, வேறோர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுமாறு நகரத்தார்க்கு அறிவித்தார். மார்பு நோயும் ஒரு காரணமாக உதவிற்று. அவ்விருபது நாட்களுக்காகத் தம்மைக் குறைகூறுவோர் இருக்கலாம் என்றும், அவர்களோடு வாதிடப் போவதில்லை என்றும் அவர் ஒளிக்காமல் எழுதியிருப்பது குறிப்பிடத்தக்கது.

திருமுழுக்குக்கு முன் எந்நூலைப் பயிலலாம் என்று அம்புரோசியாருக்கு ஓலை விடுத்தார். ஏசாயாவைப் பயிலுக என்று விடை வந்தது. தொடக்கப் பகுதியே விளங்காமற்போகவே, ஆண்டவரின் நடையில் பழக்கம் மிகுந்தபின் படிக்கலாமென்று அதனை எடுத்து வைத்தார். 387இல் உயிர்ப்புத் திருநாளை ஒட்டி மிலான் நகரில் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றார்.