சுனாமிக்குப் பிறகு வந்த பொத்தான்கள்



உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் நம் பிள்ளைகள் இணையத்தளம் செய்யும்போது பூட்ஸ்ட்ரப் நூலகத்தை இணைத்துக்கொள்கிறார்கள். ஒரு சொல் எழுதினால் பொத்தான் வந்துவிடும். இங்கே நூலகம் என்பது புத்தகசாலை அல்ல. பொத்தான், படிவம், அட்டவணை எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே எழுதிவைத்த தொகுப்பு. நமக்கு அது மிகவும் தேவைப்பட்ட நாளில் அது இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26. சாகாமத்துக்குக் கிழக்கே திருக்கோவில், வடக்கே சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோரம் முழுக்கக் கடல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை என்பதே பெரிய கேள்வி.

கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் என்று தனித்தனிப் பதிவேடுகள்.

அன்று ஜேகுவெரி கூட இல்லை, அது 2006. ஆயத்த நாட்காட்டி தந்த ஜேகுவெரி யூஐ 2007. டுவிட்டரில் வேலை செய்த மார்க் ஒட்டோவும் ஜேக்கப் தோர்ண்டனும் பூட்ஸ்ட்ரப்பை வெளியிட்டது 2011 ஆகஸ்ட். அதற்கு முன் படிவம் என்றால் பெட்டியின் அகலம், கோட்டின் நிறம், பிழைச் செய்தி எல்லாம் கையால் எழுத வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் நேராக நிற்பது பயர்பொக்ஸில் கோணும். ஆட்களைத் தேட வேண்டிய நேரம் பெட்டி சரிசெய்வதில் போகும். அப்படியிருந்தும் சஹானா 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது.

பொத்தானை ஆயத்தமாக எடுப்பதில் பிழையில்லை. மாதிரிப் படிவத்தை அப்படியே எடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பூட்ஸ்ட்ரப் விளக்கப் பக்கத்தில் ஒரு மாதிரிப் படிவம்: முதற்பெயர் ‘மார்க்’, கடைசிப்பெயர் ‘ஒட்டோ’. (செய்தவரே தன் பெயரைப் போட்டுவிட்டார்!) நம்மில் அநேகருக்குக் கடைசிப்பெயர் ஏது? வாப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பதிந்தவர் ஒரு விதம், தேடுபவர் வேறு விதம் என்றால், முகாமில் இருக்கும் பிள்ளையையும் கணினி இல்லை என்று சொல்லும்.

வெள்ள நிவாரணப் பதிவேடு செய்யும் பிள்ளைகளே, பொத்தானை பூட்ஸ்ட்ரப்பில் எடுங்கள். பெட்டிகளை இப்படிப் போடுங்கள்: பெயர் தமிழில், அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்தில், வாப்பா பெயர், உம்மா பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், கிராம சேவகர் பிரிவு.