பார்வை நரம்பு உறையும் 5 மில்லிமீட்டர் விதியும்: மயக்கவியல் நோக்கில் ஒரு மறுவாசிப்பு

மூடிய இமைமேல் மீயொலிக் கருவியை வைத்து, விழிக்கோளத்துக்கு 3 மி.மீ. பின்னால் பார்வை நரம்பு உறையின் விட்டத்தை அளந்தால், மயக்கத்தில் இருப்பவரின் மூளை அழுத்தம் தெரிந்துவிடும் என்ற கருத்து பரவலாகியிருக்கிறது. உறை 5 மி.மீ.-ஐத் தாண்டினால் அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியிருக்கும் என்பது அதன் நடைமுறை வடிவம். அவசரப் பிரிவில் இவ்விதி ஓரளவு உதவலாம். அறுவை அரங்குக்கு இது பொருந்தாது என்பதே என் வாதம்.

இவ்விதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஹேன்சன், ஹெல்ம்கே இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. ரிங்கர் கரைசலைச் செலுத்தி, 12 நோயாளிகளின் தண்டுவட நீரழுத்தத்தை உயர்த்தியபடியே உறையை அளந்தார்கள். எல்லோரிடமும் உறை விரிந்தது. அழுத்தத்தோடு விட்டமும் நேர்கோட்டில் ஏறியது. முந்தைய வாசிப்புகள் இந்த வரியோடு நின்றுவிட்டன. அதே ஆய்வு மேலும் சொல்வது இது: உறை விரியத் தொடங்கிய அழுத்தம் ஆளுக்கு ஆள் 15 முதல் 30 வரை வேறுபட்டது. சிலரிடம் 30-க்கும் 40-க்கும் இடையில் விரிவு நின்றுபோனது. அழுத்தம் ஒரு மி.மீ. பாதரசம் ஏறும்போது உறை விரிந்த அளவோ 0.019 மி.மீ. முதல் 0.071 மி.மீ. வரை.

கணக்கிட்டுப் பார்ப்போம். அழுத்தம் 10 உயர்ந்தால் ஒருவரின் உறை 0.19 மி.மீ. விரியும், இன்னொருவருடையது 0.71. அளப்பவரின் கைப்பிழையே 0.2 மி.மீ.-ஐ ஒட்டி இருப்பதால், முதலாமவரின் உயர்வு அதற்குள் மறைந்துபோகும். லேப்ராஸ்கோப்பியில் தலையைத் தாழ்த்தி வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பும்போது உறை 0.3 மி.மீ. விரிந்தால், அழுத்தம் 4 உயர்ந்ததா, 16 உயர்ந்ததா? உறையை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.

12 பேர் சிறிய எண்ணிக்கைதான். செயற்கையாக ஏற்றிய அழுத்தமும் அறுவையின்போது ஏறும் அழுத்தமும் ஒன்றெனக் கொள்ளவும் முடியாது. ஆயினும் இன்னும் பலரை அளந்தால் இந்த வீச்சு விரியலாம், சுருங்க வழியில்லை. பயிற்சியால் குறை தீரும் என்போர் உண்டு. பயிற்சி கையைத் திருத்தும், உறையின் இயல்பைத் திருத்தாது.

எஞ்சுவது ஒன்றே: அவரவர் உறையை அவரவர் தொடக்க அளவோடு ஒப்பிட்டு, மாற்றத்தின் திசையை மட்டும் படிப்பது. மயக்கம் கொடுக்கும் முன் ஓர் அளவு, பிறகு அதே கண்ணில், அதே கையால் மறு அளவு. கூடவே மூச்சின் கரியமில வாயு அளவும் இரத்த அழுத்தமும். தலைக்காயத்தோடு வருபவரிடம் தொடக்க அளவே விரிந்திருக்கலாம். விரியாத உறையும் அழுத்தம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அங்கே சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போட இந்த அளவைக் காரணம் காட்டக் கூடாது.

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை முதல், திருப்பரங்குன்றத்தை அடுத்த தோப்பூரில் 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் வரை, மயக்கவியல் துறைகள் தங்கள் பதிவேட்டில் உறையின் தொடக்க அளவுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், 5 மி.மீ. விதியை அரங்கின் வழிமுறைகளிலிருந்து நீக்க வேண்டும்.