கரும்பருந்தா, கருடனா? ஈஜிபுராவில் ஒன்றுபோல் தோன்றும் பறவைகளை அடையாளம் காண்பது எப்படி?

பெங்களூரு: நெருக்கமான குடியிருப்புகளைக் கொண்ட ஈஜிபுராவின் வானிலும், அதன் சுற்றுவட்டாரத்தில் உள்ள அகரா, பெல்லந்தூர் ஏரிகளின் கரைகளிலும் ஒன்றுபோல் தோன்றும் பறவைகள் பல உள்ளன. நிறத்தை மட்டும் நம்பி அவற்றைப் பிரித்தறிவது கடினம். வால், அலகு, கால் ஆகியவற்றையும் கவனித்தால் பெரும்பாலான ஐயங்கள் நீங்கிவிடும்.

சரியான அடையாளம் ஏன் முக்கியம்?

2023-ஆம் ஆண்டில் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சுமார் 30 ஆயிரம் ஆர்வலர்கள் இ-பேர்ட் தளத்தில் அளித்த 3 கோடி பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் 942 இனங்கள் மதிப்பிடப்பட்டன. அவற்றுள் 178 இனங்களின் பாதுகாப்புக்கு அதிக முன்னுரிமை தேவை எனக் கண்டறியப்பட்டது. பொதுமக்களின் பதிவுகளே இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படை என்பதால், தவறான பதிவுகள் பெருகினால் குறைந்துவரும் ஓர் இனம் நலமாக இருப்பதுபோல் தோன்றிவிடக்கூடும்.

பருந்துகள்

கரும்பருந்து உடல் முழுவதும் அடர்பழுப்பு நிறமுடையது. அதன் வால் நுனி கவைபோல் பிளந்திருக்கும். கருடன் எனப்படும் செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெண்மை. இறக்கைகள் செங்காவி நிறம். ஆனால், செம்பருந்தின் இளம்பறவை பழுப்பாக இருப்பதால் கரும்பருந்தாகத் தோன்றும். அதன் வால் நுனி வட்டமாக இருப்பதே வேறுபாடு. கரும்பருந்து வாலை முழுதாக விரிக்கும்போது பிளவு மறைந்துவிடும் என்பதால், சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

வெண்ணிறக் கொக்குகள்

சின்னக் கொக்கின் அலகும் கால்களும் கறுப்பு; பாதங்கள் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கு சற்றுத் தடித்த கழுத்தும் மஞ்சள் அலகும் உடையது. இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் படரும். பெரிய கொக்குக்கு, வாயின் பிளவுக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டிருக்கும்.

சின்னான்கள்

வாலடியில் சிவப்பு தெரிந்தவுடன் ‘செம்புழைச் சின்னான்’ என முடிவு செய்யக்கூடாது. செம்மீசைச் சின்னானுக்கும் அதே இடத்தில் சிவப்பு உண்டு. நிமிர்ந்த கூரிய கொண்டையும் வெண்கன்னமும் இருந்தால் அது செம்மீசைச் சின்னான். கருந்தலையும், செதில் போன்ற கோடுகளுடன் கூடிய பழுப்பு உடலும், பறக்கும்போது தெரியும் வெண்பிட்டமும் இருந்தால் அது செம்புழைச் சின்னான்.

தேன்சிட்டுகள்

ஆண் பறவைகளில் வயிறு மஞ்சளாக இருப்பது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுவதும் கருநீலமாக மின்னுவது ஊதாத் தேன்சிட்டு. பெண் பறவைகளைத் தொண்டையைக் கொண்டு பிரிக்கலாம். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் தொண்டை வெளிர் சாம்பல். ஊதாத் தேன்சிட்டின் தொண்டை மஞ்சள்.

காகமும் குயிலும்

வீட்டுக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம். அண்டங்காக்கை முழுதும் கறுப்பு, அலகு தடித்தது. ஆண் குயிலும் கறுப்பே எனினும், சிவந்த கண்ணும் வெளிர்பச்சை அலகும் நீண்ட வாலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஐயம் நீங்காவிட்டால்?

இ-பேர்ட் தளத்தில் இனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் ‘காக வகை’, ‘கொக்கு வகை’ எனப் பொதுவாகப் பதிவு செய்யும் வசதி உள்ளது. ஊகித்து எழுதிய பெயரைவிட அத்தகைய பதிவே ஆய்வுக்குப் பயன்படும். இடம், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றுடன் ஒரு புகைப்படமும் இருந்தால், பின்னர் சரிபார்ப்பது எளிது. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் 4 நாட்கள் நடைபெறும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில், வீட்டு மாடியிலிருந்தே 15 நிமிடங்கள் பார்த்து எவரும் பங்கேற்கலாம்.