கன்னாட் கோமகன் ஆர்தரும் சென்னைச் சட்டமன்றமும்

கன்னாட் கோமகன் இளவரசர் ஆர்தர் (மே 1, 1850 – ஜனவரி 16, 1942) விக்டோரியா அரசியின் மூன்றாவது மகன். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தை 1921இல் தொடங்கி வைத்தவர் இவரே.

இளமையும் படைப்பணியும்

அரசியின் ஒன்பது பிள்ளைகளில் ஆர்தர் ஏழாமவர். மூத்த அண்ணன் எட்வர்ட் முடிக்குரியவர் என்பதால், இளைய மகனான ஆர்தர் படைத்துறையைத் தேர்ந்தெடுத்தார். வூல்விச் படைக்கல்லூரியில் பயின்று 1868இல் அதிகாரியானார். 1874இல் கன்னாட் கோமகன் பட்டம் பெற்றார். 1886 முதல் 1890 வரை பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதியாக இருந்ததால் இந்தியா அவருக்குப் புதியதன்று. 1899இல் ஜெர்மனியின் சாக்ஸ்-கோபர்க் சிற்றரசின் வாரிசுரிமை தேடி வந்தபோது அதைத் துறந்தார். 1911 முதல் 1916 வரை கனடாவின் தலைமை ஆளுநராகப் பணியாற்றினார்.

சென்னை வருகை

புதிய சட்டமன்றங்களைத் தொடங்கி வைக்க முதலில் வேல்ஸ் இளவரசரே வருவதாக இருந்தது. அப்பயணம் தள்ளிப்போனதால், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தம் சிற்றப்பாவான ஆர்தரை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 70. 1921 ஜனவரி 12 அன்று, ஆளுநர் வில்லிங்டன் பதவியிலிருந்த காலத்தில், ஆர்தர் சென்னைச் சட்டமன்றத்தைத் தொடங்கி வைத்தார். ஆளுநரின் நிர்வாகக் குழுவினர் நீங்கலாக 127 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர். நீதிக்கட்சியின் அ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சராக இருந்தார்.

அதிகாரமும் புறக்கணிப்பும்

இரட்டையாட்சி முறையில் கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் அமைச்சர்களிடம் இருந்தன. நிதியும் காவலும் ஆளுநர் தரப்பிலேயே தங்கின. வாக்குரிமையும் சொத்து, வரி ஆகியவற்றின் அடிப்படையில் சிலருக்கே கிடைத்தது. இக்குறைகளாலும் ஜாலியன்வாலாபாக் படுகொலையின் கசப்பாலும் காங்கிரஸ் 1920ஆம் ஆண்டுத் தேர்தலைப் புறக்கணித்தது. கோமகனின் வரவேற்பு நிகழ்ச்சிகளையும் ஒத்துழையாமை இயக்கத்தினர் ஒதுக்கினர். இது தனிமனிதர் மீதான பகையன்று, ஆட்சிமுறையின் மீதான எதிர்ப்பு என்று காந்தி அவருக்குத் திறந்த மடல் எழுதினார். பிப்ரவரி 9 அன்று டெல்லியில் மத்திய சட்டமன்றத்தைத் தொடங்கி வைத்த ஆர்தர், அமிர்தசரசின் நிழல் நாட்டின் மீது படிந்திருப்பதை வெளிப்படையாகவே குறிப்பிட்டார்.

விளைவு

குறைந்த அதிகாரத்துடன் தொடங்கினாலும், சென்னைச் சட்டமன்றம் அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கான முதல் ஆணையும் 1921இலேயே வெளியானது. டெல்லியின் கன்னாட் பிளேஸ் ஆர்தரின் பெயரைத் தாங்கியது. சென்னையில் அவர் தொடங்கி வைத்த மன்றமோ, மக்களாட்சியாக வளர்ந்து இன்றும் புனித ஜார்ஜ் கோட்டையில் கூடும் தமிழ்நாடு சட்டமன்றத்தின் முன்னோடியாக நிற்கிறது.